மண்டபம் கேட்ட குரல்

வளைகாப்பு பெண்களின் விசேஷம். சொந்தக்காரப் பெண்கள் கூடுவார்கள், கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள், இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்குவார்கள், புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கு அங்கே சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. என் வளைகாப்புக்கு மட்டும் YB என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சட்டமன்ற உறுப்பினர், குடியிருப்பாளர் சங்கத்தின் மொத்தச் செயலவை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு எல்.இ.டி. திரை, முந்நூறு பேர் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். காரணம், என் வீட்டுக்காரர் யுகேந்திரன் லெபனானில் இருந்தார்.

அவர் மலேசிய இராணுவத்தில் கோப்பரல். ஐ.நா. அமைதிப்படைக்கு நம் நாட்டிலிருந்து போன குழுவில் அவரும் போனார். கிளம்பும்போது எனக்கு இரண்டு மாதம். குழந்தை பிறந்த பிறகுதான் திரும்புவார் என்று தெரிந்தேதான் அனுப்பிவைத்தேன். விமான நிலையத்தில் அழக்கூடாது என்று முடிவு பண்ணிப் போய், கார் நிறுத்துமிடத்திலேயே அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து என் மாமனார் சிவநேசனின் நடையே மாறிவிட்டது. கிள்ளான் துறைமுகத்தில் காலமெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முதுகு வளைந்த மனிதர், நீலத் தொப்பி போட்ட மகன் படம் கைப்பேசிக்கு வந்ததும் நிமிர்ந்துவிட்டார். ஹாசிம் பாய் கடையில் அவர் குடிக்கிற தே தாரிக் டீக்குக் காசு வாங்குவதில்லை. எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் 'எங்கள் மண்ணின் வீரன்' என்று ஒரு பேனர் கட்டினார்கள். அதில் என் புருஷன் மாமாவை விட நிறமாக இருந்தார். அச்சுக்கடைக்காரர் அன்போடு ஏற்றிய நிறம் அது.

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் மாமா பக்கமும் புரியாமல் இல்லை. எங்கள் வட்டாரத்துப் பையன்கள் படம் பேப்பரில் வந்தால் பெரும்பாலும் கையில் விலங்கோடு, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வரும். இங்கேயே பிறந்து இங்கேயே சாகப்போகிறவர்களைப் பார்த்து, நீங்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று இணையத்தில் கேட்கிறவர்களும் உண்டு.

"அப்படிக் கேக்கிறவனுக்கு என் பிள்ள படத்தக் காட்டும்மா. வாயத் தொறக்கட்டும், பாப்போம்" என்பார் மாமா. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் எரிச்சல் போய்விடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் நான் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினால், நெட்வர்க் இருக்கிற நாளெல்லாம் கிள்ளான் வரும்வரை அவர் குரல்தான் என் காதில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லாம் ஓகே, பயப்படாதீங்க" என்று எழுதுகிற மனிதர், என்னிடம் வேறு மாதிரி பேசுவார். தூரத்தில் குண்டு விழும்போது கண்ணாடி ஜன்னல் எப்படி அதிரும் என்று சொல்வார். தூக்கம் வருவதில்லை என்பார். முகாமுக்கு வெளியே ஒரு கிராமத்துப் பெண் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு பிள்ளைகளோடு ஓடியதைப் பார்த்த நாளிலிருந்து, சாப்பாடு இறங்கவில்லை என்பார். ரயிலில் நின்றுகொண்டே கேட்பேன். எனக்கும் பயம் வரும். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டாரே என்று ஒரு நிம்மதியும் இருக்கும். வேறு யாரிடமும் அவர் இப்படிப் பேசமாட்டார். அந்தப் பேச்சு மட்டும் நின்றுவிடக்கூடாது என்பதே என் வேண்டுதலாக இருந்தது. என்னிடம் சொல்கிற வரைக்கும் அவர் உடைந்து போகமாட்டார் என்று நம்பினேன்.

ஏழாம் மாதம் பிறந்ததும் சங்கத் தலைவர் ஜீவன் வீட்டுக்கு வந்தார். கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். மைக்கைப் பார்த்தால் மட்டும் கை சும்மா இருக்காது.

"தங்கச்சி, நீங்க ஒண்ணும் செலவு பண்ண வேணாம்லா. மண்டபம், சாப்பாடு எல்லாம் சங்கம் பாத்துக்கும். தம்பி லெபனான்லேர்ந்து லைவ்வா வந்து ரெண்டு வார்த்த பேசணும். YBயும் வராரு."

"அண்ணே, வளைகாப்புக்கு எதுக்கு YB?"

"என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க? வீரனோட பிள்ளைக்கு வளைகாப்புலா. ஊரே பாக்க வேணாமா?"

மாமா சோபா நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ராத்திரி யுகேந்திரனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்பாவுக்கு ஆசை, விடு. அஞ்சு நிமிஷம் பெர்மிஷன் கேக்கிறேன். பல்லக் காட்டிட்டுப் போறேன், அவ்வளவுதானே."

பஞ்சாங்கம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குச் சடங்கு ஆரம்பம், பதினோரு மணிக்கு அவர் திரையில் வருவது என்று முடிவாயிற்று. முதல் நாள் இரவு ஜீவன் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. YBக்கு ரவாங்கில் இன்னொரு நிகழ்ச்சியாம், எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று. நல்ல நேரம் பார்த்துக் குறித்துத் தந்த என் மாமியாரான அத்தையும் YB என்றதும் விட்டுக்கொடுத்துவிட்டார். நான் உடனே யுகேந்திரனுக்குச் செய்தி அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தபோதும் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் ஒரு டிக்தான் இருந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. நெட்வர்க் கிடைத்ததும் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தால், என் கல்யாணத்துக்குக் கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. வளையல்களைக் கூடச் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று தேசியக் கொடி நிறத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். என் கைப்பேசியை ஒலி அமைப்புக்காரர் பாலன் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடையின் ஓரத்தில் ஒரு முக்காலியில் அதை நிறுத்தி, ஒரு வயரைத் திரைக்கும் இன்னொன்றை ஸ்பீக்கருக்கும் இழுத்தார். "தம்பி கூப்பிட்டா நான் எடுத்து விட்டுடறேன். நீங்க சும்மா உக்காந்து சிரிங்க" என்றார்.

YB ஐந்து நிமிடம் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமா, புது பாத்தேக் சட்டையில். பெண்கள் வளையல் அடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கை வீங்கியிருந்தது. ஒவ்வொரு வளையலையும் இரண்டு பேர் பிடித்து, எண்ணெய் தடவி, விரல் முட்டியைத் தாண்டி அழுத்தி ஏற்றினார்கள். அத்தை என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். அப்போதுதான், பத்து மணி வாக்கில், கைப்பேசி அடித்தது.

திரை முழுக்க யுகேந்திரனின் வாட்ஸ்அப் படம் வந்தது. நீலத் தொப்பி, சிரித்த முகம். கூட்டம் ஓவென்று கத்தியது. ஜீவன் அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே, அமைதி, அமைதி! நம்ம வீரர் போர்முனையிலேர்ந்து பேசப் போறாரு. குழந்தைங்க சத்தம் கூட வரக்கூடாது!"

முந்நூறு பேரும் வாயை மூடினார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கூடக் கேட்டது. பாலன் அண்ணன் பச்சைப் பொத்தானைத் தட்டினார்.

வீடியோ இல்லை, வெறும் குரல் அழைப்பு. திரையில் அதே படம் சிரித்துக்கொண்டே நின்றது.

"மலர்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கு மட்டும் உள்ள குரல்.

"இப்பதான் லைன் கெடச்சுது, மெசேஜ் கூடப் பாக்கல. பதினோரு மணிக்கு அந்த ஃபங்ஷன்ல சிரிச்சிக்கிட்டு நிக்கணும். அதுக்கு முன்னாடி உங்கிட்ட பேசிடலாம்னுதான் கூப்பிட்டேன். டிரெஸ் பண்ணிக்கிட்டு இருப்பே, சும்மா கேளு, போதும்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இடது கையில் ஒரு வளையல் பாதியில் மாட்டியிருந்தது, இரண்டு பெண்கள் அந்தக் கையைப் பிடித்திருந்தார்கள். "அண்ணே, கட் பண்ணுங்க!" என்றேன். பாலன் அண்ணன் மேடைக்குக் கீழே தன் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாமா முன்வரிசையிலிருந்து கையை உயர்த்தி, "இரும்மா, பிள்ள பேசட்டும்" என்றார். அவர் கண்ணில் அப்போதே தண்ணீர். பெருமையில் வந்த தண்ணீர்.

"நேத்து ராத்திரியெல்லாம் பங்கர்லதான்" என்றது குரல். மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. "இவ்வளவு கிட்டத்துல விழுந்ததே இல்ல மலர். செவுரு ஆடுது. மேலேர்ந்து மண்ணு கொட்டுது. எனக்கு… நான் பேண்ட்லயே ஒண்ணுக்குப் போயிட்டேன். சின்னப் பிள்ள மாதிரி. பக்கத்துல என் டீம் ஹாஃபிஸ் இருந்தான்லா, அவன் பாத்துட்டான். ஒண்ணும் சொல்லல. அவன் பாட்டில் தண்ணியத் தொறந்து என் மடியில ஊத்திட்டு, 'சோரி பிரோ, கை தவறிடுச்சு'ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான்."

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று மூச்சை இழுத்தாள். முந்நூறு பேரும் என் புருஷன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்கு வரணும் போல இருக்கு. பிள்ள மூஞ்சியப் பாக்காமலே போயிடுவேனோன்னு… அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, என்ன? அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

நான் மேடையில் ஓடினேன். ஏழு மாத வயிற்றோடு எப்படி ஓடினேனோ. முக்காலியோடு கைப்பேசியைச் சாய்த்து, வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்வாசல் வழியாகச் சமையல் கூடத்துக்குப் போனேன்.

"மலர்? கேக்குதா?"

"கேக்குதுங்க."

"எங்க இருக்கே?"

கரண்டியும் கையுமாகச் சமையல்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டிரெஸ்ஸிங் ரூம்ல" என்றேன்.

"சொன்னதும் கொஞ்சம் லேசா இருக்கு" என்றார். "முகம் கழுவிட்டு வரேன். பதினோரு மணிக்குப் பாரு, உன் புருஷன் எப்படிச் சிரிக்கிறான்னு."

சொல்லியிருக்கலாம். அப்போதே, என் வாயால் சொல்லியிருக்கலாம். லேசாக இருக்கிறது என்று சொன்ன மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

மேடைக்குத் திரும்பினால் ஜீவன் அண்ணன் வியர்த்து வழிந்துகொண்டு, "வீரனும் மனுஷன்தானே! அந்த உண்மையான வீரனுக்கு ஒரு பெரிய கைத்தட்டல்!" என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். YBயும் தட்டினார். மாமா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"ரெக்கார்ட் பண்ணவங்க எல்லாரும் அழிச்சிடுங்க. உங்க கால்ல விழுந்து கேக்கிறேன். யாரும் எங்கேயும் போட்டுடாதீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். முன்னால் நின்ற ஒரு ஆன்டி என் தாடையைத் தொட்டு, "நாங்க என்ன வேத்தாளாம்மா?" என்றார். அவருடைய கைப்பேசி இன்னொரு கையில் இருந்தது.

பதினோரு மணிக்கு யுகேந்திரன் சொன்னபடி வந்தார். இந்த முறை வீடியோ. சவரம் செய்த முகம், தொப்பி, பின்னால் மணல் மூட்டை. கூட்டத்தைத் திரையில் பார்த்து அசந்துபோய், "அட, இவ்வளவு பேரா!" என்று சிரித்தார். கூட்டம் கை தட்டியது. கொஞ்சம் அதிகமாகவே தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். அவருக்கு மட்டும் எதற்கு என்று தெரியவில்லை. பெருமையாக சல்யூட் அடித்தார். நான் அந்த இடத்திலேயே செத்துப் போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

மாமா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு வாரமாக எழுதி மனப்பாடம் பண்ணிய பேச்சு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.

"சாப்பிட்டேம்பா. நீங்க பெருமைப்படற மாதிரி இருக்கேன்பா."

மாமா மைக்கை என்னிடம் நீட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாதான் முதலில் வெடித்தார். "ஃபோன அடுத்தவன் கையில யாராவது குடுப்பாங்களா? உன் கையிலயே வச்சிருக்க வேண்டியதுதானே?"

"என் கை ரெண்டையும் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க மாமா. ஸ்கிரீன் வேணும்னு நானா கேட்டேன்? கட் பண்ணுங்கன்னு கத்தினேனே, பிள்ள பேசட்டும்னு சொன்னது யாரு?"

அத்தை நடுவில் வந்து நின்றார். மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவன் பயந்தான்னு எனக்கு வெக்கமில்லம்மா. நானும்தான் கிரேன் அறுந்து விழுந்தப்ப நடுங்கியிருக்கேன். அப்பாகிட்ட சொல்லிடாதன்னானே, அதத்தான் என்னால தாங்க முடியல. பேனரையும் போட்டு, கடைகடையாப் போய்ப் பேசி, அவன் வாய நானே அடச்சிட்டேன்."

அத்தை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா குடிக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குரல் டிக்டாக்கில் வந்துவிட்டது. போட்டவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்பதுதான் கொடுமை. அடியில் சோக இசை, மேலே தேசியக் கொடி, 'நம் வீரனுக்காகப் பிரார்த்திப்போம்' என்று கும்பிட்ட கைகள். சுபாங் ஜெயாவிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் இதயம் இதயமாக அனுப்பியிருந்தார்கள். நடுநடுவே, "இவனெல்லாம் சோல்ஜரா? பேம்பர்ஸ் வாங்கிக் குடுங்க" என்றும் நாலு பேர். அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருவர் அழித்தார். அதற்குள் வேறு பத்துப் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

நானே சொல்லிவிடுவோம் என்று யுகேந்திரனை அழைத்தேன். எடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. அப்புறம் நீலமானது, படித்துவிட்டார். பதில் வரவில்லை. மறுநாள் ரயிலில் கிள்ளான் வரைக்கும் கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே வந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

அதற்கும் மறுநாள் வேலை முடிந்து வந்து, உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு எடுத்தேன். தொப்பி போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டி நேராக உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் மலர்! எப்படி இருக்கே? பேபி எப்படி இருக்கு?" சத்தமான குரல். தூரத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிற குரல்.

"என்னங்க, என் மேல கோவமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க எல்லாம் பாதுகாப்பா இருக்கு. சாப்பாடு நல்லா இருக்கு. நாட்டுக்காகச் சேவை செய்றது பெருமையா இருக்கு."

"நான் ரூம்ல தனியா இருக்கேங்க."

"குட், குட். நல்லா ரெஸ்ட் எடு."

கைப்பேசியைத் திருப்பி, தாழிட்ட கதவைக் காட்டினேன். நாலு சுவரையும் காட்டினேன். அலமாரிக் கதவைத் திறந்து, தொங்குகிற துணிகளை ஒதுக்கிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் கூடக் காட்டினேன்.

"பாருங்க. வயர் இல்ல, ஸ்பீக்கர் இல்ல. யாருமே இல்லைங்க. நேத்து ராத்திரி தூங்கினீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். கண் கலங்கியது. உதடு அசைந்தது. சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அங்க இருக்கிற எல்லாருக்கும் என் வணக்கத்தச் சொல்லு" என்று கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார்.

தரையில் உட்கார்ந்தபடியே நானும் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.